காற்றுப் பாலம்

ஜூன் 3, திங்கள்

வக்கீல் பழனிவேலு சொன்னதால் இந்த நோட்டு. "தேதி போட்டு எழுதி வெச்சுக்கோங்க சிகாமணி. எத்தன மணிக்கு வந்தாங்க, புள்ள என்ன பேசுச்சு, நீங்க என்ன வாங்கிக் குடுத்தீங்க, எல்லாமே. பின்னால கோர்ட்டுல காட்டலாம்" என்றார். எழுதி வைப்பது எனக்குப் புதிதல்ல. பம்ப்செட் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக இறுதிச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். தெய்வசிகாமணி கையெழுத்துப் போடாமல் ஒரு மோட்டார் வாசல் தாண்டாது.

நிலவரம் இதுதான். மனைவி வசுமதி, மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. குடித்தேன், அடித்தேன் என்று அவளுடைய மனுவிலேயே ஒரு வரி கிடையாது. "மூச்சு விட இடமில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். வீட்டில் ஆறு ஜன்னல் இருக்கிறது.

ஆறு சனிக்கிழமைகள், காலை பத்து முதல் பதினொன்று வரை, குடும்ப நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில் சஷ்டிகாவைப் பார்க்கலாம். ஆறாவது சனிக்கிழமை ஆலோசகர் மேடம் அவளைத் தனியாக அழைத்து, அப்பா வீட்டில் வந்து தங்க விருப்பமா என்று கேட்பார். சரி என்றால் மாதம் இரண்டு சனி ஞாயிறு என்னோடு இருப்பாள். மாட்டேன் என்றால் இந்த ஒரு மணி நேரமே நிலைக்குமா என்பது சந்தேகம் என்கிறார் வக்கீல்.

ஜூன் 8, சனி

10.04க்கு வந்தார்கள். நான்கு நிமிஷத் தாமதம். குறித்துக்கொண்டேன்.

சஷ்டிகா உயர்ந்திருக்கிறாள். முடியை வெட்டியிருக்கிறாள், என்னை யாரும் கேட்கவில்லை. ஒரு நூலகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணக்கில் எவ்வளவு என்றேன். எண்பத்தொன்று என்றாள். மீதி பத்தொன்பது எங்கே போச்சு அம்மணி என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன். பக்கத்தைப் புரட்டினாள்.

எதிர் மூலையில் இன்னொரு பெண் குழந்தை மடக்கித் திறக்கும் கேம் பெட்டி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. சஷ்டிகாவின் கண் புத்தகத்தில் இருந்ததைவிட அங்கேதான் அதிகம் இருந்தது.

"அந்த மாதிரி வேணுமா கண்ணு?"

"அது பழைய மாடலுங்கப்பா. இப்ப புதுசு வர்றதில்ல."

ஒரு மணி நேரத்தில் அவளாகப் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த வசுமதியிடம் சொன்னேன். "போன், டேப்னு நெட் வர்ற எதுவும் வேண்டாமுங்க. இது பழசுன்னா சரி" என்றாள். கேஸ் முடியும்வரை பரிசு எதுவும் குழந்தையோடு போகக் கூடாது, நீங்களே வைத்திருந்து சனிக்கிழமை கொண்டுவாருங்கள் என்றார் ஆலோசகர் மேடம். எனக்கு அதுவே சௌகரியம். சாமான் என் கையில் இருந்தால் பத்திரமாக இருக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

காந்திபுரத்தில் பழைய சாமான் விற்கும் கடை. நான்கு பெட்டி காட்டினார்கள், நான்கையும் தள்ளினேன். ஒன்றில் பேட்டரி உப்பியிருந்தது. இன்னொன்றில் ஒரு திரை மஞ்சள் பூத்திருந்தது. மூன்றாவதில் பட்டன் அழுத்தினால் எழுந்து வர யோசித்தது. நான்காவது பார்க்க ஜோர், ஆனால் மேல்மூடி வேறு பெட்டியுடையது, திருகுகளின் நிறத்திலேயே தெரிந்துவிட்டது.

"ஏனுங்ணா, பொண்ணு பாக்கவா வந்தீங்க? கேம் செட்டுங்க இது" என்றான் கடைக்காரன்.

ஏமாறுகிறவர்கள்தான் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஜூன் 13, வியாழன்

கிடைத்துவிட்டது. சரவணம்பட்டியில் ரெஜினா என்ற பெண், ஐ.டி. வேலை. வெளிநாடு போவதால் வீட்டைக் காலி செய்கிறாள். நெட்டில் விளம்பரம் பார்த்துப் போனேன். லென்ஸ், சின்ன ஸ்க்ரூடிரைவர், இருபத்தேழு அம்சப் பட்டியல் சகிதம்.

"கீல் கொஞ்சம் லூஸ் அங்கிள். முதல்லயே சொல்லிடறேன். மூடுறப்ப மெதுவா மூடணும்" என்றாள். நானே கண்டுபிடித்திருப்பேன், அதற்குள் சொல்லிவிட்டாள். மற்ற இருபத்தாறும் சரியாக இருந்தன. திரையில் எழுதும் குச்சிகூட அசல்.

செருப்புப் பெட்டி ஒன்றில் பதினொரு கேசட் இருந்தன. நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"யாருக்கு அங்கிள்?"

"மகளுக்கு."

"என்ன வயசு?"

"பத்து." பிறகு, "பதினொண்ணு" என்றேன்.

"அவளுக்கு என்ன பிடிக்கும்?"

படம் வரையப் பிடிக்கும் என்றேன். யூ.கே.ஜி.யில் நிறைய வரைவாள். இப்போதும் வரைகிறாளா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, தேநீர் நன்றாக இருக்கிறது என்றேன்.

மனக்கணக்கு ஒன்று, வார்த்தை கட்டுவது ஒன்று, செஸ் ஒன்று எடுத்தேன். "டியூஷன் மாதிரி இருக்கே அங்கிள்" என்று சிரித்துவிட்டு, அவளாக ஒன்றை மேலே வைத்தாள். தபால் பையோடு ஒரு நரிக்குட்டி தீவு தீவாகப் போகிற விளையாட்டு. ஒரே கேசட்டில் மூன்று பேர் தனித்தனியாக ஆடலாம், எவர் எங்கே நிறுத்தினாரோ அந்த இடம் அப்படியே பதிந்திருக்கும் என்றாள். தான் ஆடியதையெல்லாம் என் முன்னால் அழித்தாள். அழிக்கும்போது ஏதோ நினைவு போல ஒரு கணம் நிறுத்தினாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 15, சனி

9.58க்கே வந்துவிட்டார்கள்.

மூன்று கேசட்டையும் அவள் முன் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் மூளைக்கு எப்படி நல்லது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே நான்காவதை எடுத்துச் சொருகினாள்.

அந்த விளையாட்டு ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. ஆடுகிறவர் தன் கையாலேயே குச்சி பிடித்து, யாருக்கு வேண்டுமானாலும் ஒன்று எழுத வேண்டும். அதை உறையில் போட்டு ஒட்டி நரிக்குட்டி பையில் வைத்துக்கொள்கிறது. கடைசித் தீவில்தான் அது பிரியும், ஒரே ஒரு முறை. சஷ்டிகா இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். யாருக்கு அம்மணி என்றதற்கு, "கடைசில தெரியுமுங்கப்பா" என்றாள்.

எனக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

முழு சார்ஜில் ஐந்து மணி நேரம் பத்து நிமிஷம் ஓடுகிறது. திருப்தி.

ஜூன் 22, சனி

மூன்றாவது சனிக்கிழமை. இரண்டு தீவு முடித்தாள். ஓரிடத்தில் நரிக்குட்டி தண்ணீரில் விழுந்தபோது சிரித்தாள். பதினாறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன், வக்கீல் படித்தால் படிக்கட்டும்.

ஜூன் 29, சனி

கடைசித் தீவுக்கு முன்னால் ஒரு தொங்குபாலம். பலகை பாதி இல்லை. காற்றடித்தால் பாலம் சாய்கிறது, நரிக்குட்டி விழுகிறது. சஷ்டிகா ஒன்பது முறை விழுந்தாள். நான் எண்ணினேன்.

சும்மா இருக்க முடியுமா? ஓடாதே, நில், இப்போது தாண்டு என்று சொன்னேன். "நான் பாத்துக்கறேனுங்கப்பா" என்றாள். பத்தாவது முறை அவள் பிடித்திருக்கும் விதமே தப்பு என்று தெரிந்ததால், பெட்டியை வாங்கி எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். ஒரு நிமிஷம்தான் இருக்கும். திருப்பிக் கொடுத்தபோது அவள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆடவில்லை. மணி பதினொன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது.

வசுமதி கதவருகில் நின்று பார்த்திருக்கிறாள். "இன்னும் அப்படியேதான் இருக்கறீங்க" என்றாள். வசுமதிக்கு இது பழைய குறை. வீட்டில் அவள் பிளவுஸ் தைத்துக் கொடுத்த காலத்தில், வாடிக்கையாளர் கைக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் நான் பார்த்து, தையல் சரியில்லாத இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவேன். பிரித்துத் தைப்பாள். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதற்கு ஒரு நன்றி உண்டா?

ஜூலை 2, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் பாலத்தை நானே முயன்று பார்த்தேன். முதல் தீவிலிருந்து வரப் பொறுமையில்லை, சஷ்டிகாவின் இடத்திலிருந்தே ஆடினேன். பதினொரு முறை விழுந்தேன். சோதனைதான், வேறொன்றுமில்லை.

ஜூலை 4, வியாழன்

இன்று மதியம் 1.20க்குத் தாண்டிவிட்டேன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும், மோட்டார் அதிர்வைக் கணிப்பது போலத்தான். பக்கத்து மேசைக்காரர் கை தட்டினார்.

இதை இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நரிக்குட்டி தானாக நடந்து போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது. உறை பிரிந்தது. சஷ்டிகாவின் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி.

"அன்புள்ள சஷ்டிகாவுக்கு, இதை நீயே முடித்தாய். அப்பா செய்து கொடுக்கவில்லை. சபாஷ். இப்படிக்கு, சஷ்டிகா."

கீழே ஒரு நட்சத்திரம். வாழ்த்துகள் என்று திரை முழுக்கப் பூ விழுந்தது. பிறகு முடிந்தது என்று தானாகப் பதிந்துகொண்டது.

டப்பாவில் இருந்த சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

ரெஜினாவுக்குப் போன் செய்தேன். பதிந்ததைப் பின்னால் தள்ள வழி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"அழிச்சிட்டு மறுபடி முதல்லேருந்து ஆடலாம் அங்கிள். அதே மாதிரி பாலம் வரைக்கும் கொண்டு வந்துடலாம். ஆனா அது அவ ஆடினது இல்லையே."

ஒரு வியாபாரத்துக்குப் பிறகு இப்படியெல்லாம் பேச வேண்டிய அவசியம் அந்தப் பெண்ணுக்கு இல்லை.

ஜூலை 6, சனி

பெட்டியை எடுத்துப் போகவில்லை. சார்ஜ் ஏறவில்லை அம்மணி, பழைய சாமான்தானே என்றேன்.

"பரவாயில்லீங்கப்பா. அடுத்த வாரம் தாண்டிருவேன்" என்று அவளாகவே பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். வாரம் முழுவதும் வரைந்திருக்கிறாள். பாலம், பலகை, நரிக்குட்டி, காற்றுக்குச் சுழி சுழியாகக் கோடு. நல்ல கை. "காத்து மூணு தடவ அடிச்சிட்டு ஒரு தடவ நிக்குது. நான் எண்ணிப் பாத்தேன். அந்த நேரம் ஓடினா ஒரே ஓட்டம்." நான் கண்டுபிடித்ததைவிட அது நல்ல வழி.

ஒரு வருஷமாக அவள் என்னோடு இவ்வளவு பேசியதில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 8, திங்கள்

சனிக்கிழமைக்குமுன் நோட்டைக் கொண்டுவரச் சொல்கிறார் வக்கீல். இதைக் கொடுத்தால் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

யோசித்துப் பார்த்தேன். இரண்டு வழி இருக்கிறது.

பழைய பெட்டி, தானாக அழிந்துவிட்டது என்று சொல்லலாம். நம்புவாள். ஆனால் நான் பார்த்து வாங்கிய பெட்டி அப்படிப் போகாது என்று அவளுக்கும் தெரியும்.

அல்லது முதலிலிருந்து ஆடி, பாலத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தி வைக்கலாம். சனிக்கிழமை அவள் எண்ணி, ஓடி, தாண்டுவாள். கடிதம் பிரியும். சந்தோஷமாக ஆலோசகர் மேடத்தின் அறைக்குள் போவாள். கேட்ட கேள்விக்குச் சரி என்பாள். யாருக்கு என்ன நஷ்டம்?

கடிதத்தை அவள் கையெழுத்தில் எழுத வேண்டும். அது எனக்கு வரும். போன வருஷம் பள்ளிக் கண்காட்சிக்கு அவள் செய்த மண்புழு உர மாடலை, அவள் ஸ்கூலுக்குப் போயிருந்த நேரத்தில் பிரித்து ஒழுங்காகச் செய்து கொடுத்தேன். லேபிள்கள் எல்லாம் அவள் எழுத்து மாதிரியே நான் எழுதியவை. முதல் பரிசு கிடைத்தது. பரிசு வாங்க அவள் மேடைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்றாள் வசுமதி. அடுத்த மாதம்தான் இருவரும் வீட்டைவிட்டுப் போனார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நினைத்ததில்லை.

ஜூலை 10, புதன்

மதியம் கேண்டீனுக்குப் போகாமல் சோதனை மேடையின் பின்னால் உட்கார்ந்து, இரண்டாவது இடத்தில் புதிய ஆட்டம் தொடங்கினேன். குச்சியை எடுத்தேன். "அன்புள்ள சஷ்டிகாவுக்கு" என்று எழுதினேன். அவள் போடும் கொக்கியோடு, அச்சு அசலாக வந்தது. "இதை நீயே முடித்தாய்." அதுவும் வந்தது.

"அப்பா" என்று எழுதினேன். அடுத்து "செய்து கொடுக்கவில்லை" என்று எழுத வேண்டும்.

கை நகரவில்லை. மேடையில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தவும் எழவில்லை. பதினெட்டு வருஷமாக எத்தனையோ சாமானில் சிவப்பு சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட என் கையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

எழுதியதை அழித்தேன். பெட்டியை மெதுவாக மூடினேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

நாளை.

ஜூலை 13, சனி

9.55க்கு வந்தார்கள். சஷ்டிகா உட்காரும்முன்னே கையை நீட்டினாள். அவள் நோட்டில் பாலத்தின் பக்கம் திறந்தே இருந்தது.

"அம்மணி, ஒரு நிமிஷம். திறக்காத."

சொன்னேன். போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை நான் பாலத்தைத் தாண்டிவிட்டேன் என்றும், சார்ஜ் ஏறவில்லை என்றது பொய் என்றும். அவள் முகம் மாறவே இல்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்ட முகம் அது. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லெட்டரப் படிச்சிட்டீங்களா?"

"படிச்சேன் சாமி."

"முழுசும்?"

"முழுசும்."

பாலம் வரைந்த பக்கத்தை மூடினாள். ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டும் என்று, "உன்ற வழிதான் நல்ல வழி. நான் எப்படிப் போனேன்னா, காத்து அக்கட்ட இருந்து…" என்று தொடங்கினேன்.

"சொல்லாதீங்கப்பா."

நிறுத்தினேன்.

"என்ற மண்புழு மாடல்ல தண்ணி ஒழுகும்" என்றாள். "தெரியும் எனக்கு. ஆனா அது நான் செஞ்சது."

அந்த மாடலைப் பிரித்து நான் எங்கே போட்டேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. அதைச் சொன்னேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். என் வாழ்நாளில் யாரிடமும் சொன்ன சொல் இல்லை, சரியாக வந்ததா தெரியவில்லை.

10.20க்கு ஆலோசகர் மேடம் அவளைக் கூப்பிட்டார். கதவு மூடியது. நான் வெளியே பெஞ்சின் ஒரு முனையில், வசுமதி மறு முனையில்.

"உள்ள என்னங்க ஆச்சு? புள்ள மூஞ்சியே செரியில்ல."

அவளிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீங்களாவே சொன்னீங்களா, அவ கண்டுபுடிச்சாளா?" என்றாள்.

"நானாத்தான்."

என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு நிமிஷம்.

மேடம் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். "வீட்டுக்கு வந்து தங்க இப்ப விருப்பம் இல்லைன்னு சொல்றா சார். அதை நான் அப்படியேதான் எழுதணும்." தலையாட்டினேன். அவர் சொன்னதை என் வக்கீலே எதிர்க்க முடியாது. "ஆனா சனிக்கிழமை வர்றேன்னு சொல்றா. நிறுத்த வேண்டாம்னு அவளாவே சொன்னா. இன்னொண்ணு, அந்த கேம் இனிமே அவகிட்ட இருக்கணுமாம். அம்மா சம்மதிச்சா நான் அனுமதிக்கறேன்."

வசுமதி சம்மதித்தாள்.

பெட்டி, சார்ஜர், நான்கு கேசட், குச்சி. என் வழக்கப்படி ஒரு ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பேன். சும்மா கொடுத்தேன். அவள் அங்கேயே திறந்து, நான் முடித்த ஆட்டத்தை அழித்தாள். அழிக்கட்டுமா என்று பெட்டி இரண்டு முறை கேட்டது, இரண்டு முறையும் யோசிக்காமல் அழுத்தினாள். பிறகு மூடினாள், டப்பென்று.

கீல் லூஸ், மெதுவாக மூடு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

வக்கீலிடம் நோட்டைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். கேஸ் என்னாகும் என்றார். ஆகிறபடி ஆகட்டும் என்றேன்.

ஜூலை 20, சனி

சஷ்டிகா பெட்டியோடு வந்தாள். கீல் இன்னும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. வீட்டில் முதலிலிருந்து ஆடி மறுபடி பாலத்துக்கு வந்துவிட்டாளாம். வேறு கடிதம் எழுதியிருக்கிறாள், யாருக்கு என்று நான் கேட்கவில்லை. காற்று இந்த முறை வேறு மாதிரி அடிக்கிறது, மூன்று தடவைக் கணக்கு எடுபடவில்லை, பதினேழு முறை விழுந்துவிட்டேன் என்று அவளே சொன்னாள்.

"அப்படியா அம்மணி" என்றேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினாள், திரை எனக்கும் தெரியும்படி. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. எப்படித் தாண்டுவது என்று எனக்குத் தெரியும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மணி பதினொன்று ஆகும்வரை உட்கார்ந்திருந்தேன்.